டாக்டர் மாண்டெலின் முதுகெலும்பு

இலண்டன் மாநகரில் அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரி என்னும் புகழ்பெற்ற நிறுவனம் இருக்கிறது. அதனைச் சேர்ந்த ஹன்டர் காட்சிச்சாலையில் மனித உறுப்புகளும் விலங்குகளின் எலும்புகளும் ஆயிரக்கணக்கில் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. அக்கல்லூரியின் சேமிப்பில் நூறாண்டுக்கு மேலாக ஒரு முதுகெலும்புத் துண்டும் இருந்து வந்தது. வளைந்தும் முறுக்கிக்கொண்டும் இருந்த எலும்புக் கோவை அது. 1969-ஆம் ஆண்டில், வைக்க இடம் போதவில்லை என்று அதனை அழித்து விட்டனர்.

அந்த முதுகெலும்புக்கு உரியவர் பதினோரு ஆண்டுகள் தீராத முதுகு வலியால் துன்புற்றவர். அவரே ஒரு மருத்துவர். அவரைப் பார்த்த மருத்துவர்களும் தேர்ந்தவர்கள். எனினும் அவருக்கு இருந்தது என்ன என்பது அவர் இறந்த பிறகே தெரிந்தது.

இன்று நிலைமை தலைகீழாக இருக்கிறது. இடுப்பு வலி என்று மருத்துவரிடம் செல்கிறோம். எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்படுகிறது. “உங்கள் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது, இதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர்” என்கிறார்கள். வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நாமும் நம்பிவிடுகிறோம். ஆனால் வளைவு இருப்பது ஒன்று. வலிக்கு அந்த வளைவே காரணம் என்பது வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க மருத்துவம் எவ்வாறு கற்றுக்கொண்டது என்பதை அறிய, அழிந்துபோன அந்த முதுகெலும்பின் வரலாறு உதவும்.

பல்லைக் கண்டு விலங்கை அறிந்தவர்

கிடியன் மாண்டெல் 1790-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தெற்கே சஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் உள்ள லூவிஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை காலணி செய்பவர். மாண்டெல் மருத்துவம் பயின்று சொந்த ஊரிலேயே தொழில் நடத்தினார். பகலெல்லாம் நோயாளிகளைக் கவனிப்பார், பிரசவம் பார்ப்பார். மிஞ்சிய நேரத்தில் கற்சுரங்கங்களில் கிடைக்கும் தொல்லுயிர் எலும்புகளைத் திரட்டி ஆராய்வார்.

அவ்வாறு கிடைத்தவற்றுள் சில வியப்பான பற்கள் இருந்தன. அவை பெரியவை, இலை தழைகளை மென்று தேய்ந்தவை. பிரான்சு நாட்டு அறிஞர் குவியர் முதலில் அவை காண்டாமிருகத்தின் பற்களாகலாம் என்று கருதினார். மாண்டெல் அதை ஏற்கவில்லை. 1824-ஆம் ஆண்டில் ஹன்டர் காட்சிச்சாலைக்குச் சென்று தேடினார். அங்கே பணியாற்றிய ஸ்டச்பரி என்பவர், இகுவானா என்ற பல்லியின் பற்களும் இவையும் ஒன்றுபோல இருப்பதைக் காட்டினார். அளவில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு! 1825-ஆம் ஆண்டில் மாண்டெல் அந்த விலங்குக்கு இகுவானடான் என்று பெயரிட்டார். டைனோசார் என்று நாம் இன்று கூறும் தொல்விலங்குக் கூட்டத்தில் முதன்முதலாகப் பெயர் பெற்றவற்றுள் அதுவும் ஒன்று.

அவர் செய்த தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இகுவானடானின் எலும்புகளோடு கூர்மையான முள் போன்ற எலும்பு ஒன்றும் கிடைத்தது. அது மூக்கின்மேல் இருந்த கொம்பு என்று மாண்டெல் எண்ணினார். 1878-ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டின் பெர்னிசார் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான், அது கைக் கட்டைவிரலின் எலும்பு என்று தெளிவாயிற்று. எலும்பு மெய்தான், அதற்குக் கூறிய பொருள்தான் தவறு. மாண்டெலின் சொந்த உடலிலும் இதே போன்ற ஒரு தவறு நேர இருந்தது.

கிளாப்பம் திடலில் நேர்ந்தது

1838-ஆம் ஆண்டில் மாண்டெல் தம் தொல்லுயிர்ச் சேகரிப்பை 4,000 பவுனுக்கு பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்றுவிட்டு, இலண்டனை அடுத்த கிளாப்பம் என்ற இடத்தில் குடியேறினார். மறு ஆண்டில் மனைவி அவரை விட்டுப் பிரிந்தார். அடுத்த ஆண்டு மகள் இறந்தாள். 1841-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கிளாப்பம் திடலில் அவர் சென்ற குதிரை வண்டி விபத்துக்குள்ளாகியது. இருக்கையிலிருந்து விழுந்த மாண்டெல் கடிவாள வாரில் சிக்கித் தரையில் இழுத்துச் செல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 51.

அதன்பின் வலி அவரை விடவில்லை. இடுப்பில் வலி, கால்களில் மரமரப்பு, நடப்பதே பெரும்பாடு. முதுகின் கீழ்ப்பகுதியில், முதுகெலும்புக்கு ஒரு பக்கமாக, ஒரு புடைப்பும் தென்பட்டது. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவராதலால் தம் துன்பங்களை அவ்வப்போது எழுதி வைத்தார். 1845-ஆம் ஆண்டிலிருந்து வலி தணிய அபினி உட்கொண்டார். இத்தனைக்கும் இடையே நூல்கள் எழுதினார், சொற்பொழிவுகள் ஆற்றினார், 1849-ஆம் ஆண்டில் ராயல் கழகத்தின் ராயல் பதக்கத்தையும் பெற்றார்.

கட்டியா, சீழா?

அந்தப் புடைப்பு என்ன? கட்டி என்றனர் சிலர். உள்ளே சீழ் கோத்திருக்கிறது என்று ஐயுற்றனர் சிலர். இதனை அறியாமை என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. முதுகெலும்பை அரிக்கும் ஒரு நோயைப் பற்றி பெர்சிவல் பாட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் 1779-ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். எலும்பில் உண்டாகும் காசநோய்தான் அது என்பதை நாம் இன்று அறிவோம். அந்நோயில் சீழ் தசைகளின் வழியே இறங்கி இடுப்புப் பக்கம் புடைத்து நிற்பதுண்டு. காசநோய் மலிந்திருந்த அக்காலத்தில், இடுப்பு வலியும் புடைப்பும் சேர்ந்து வந்தால் மருத்துவரின் எண்ணம் அங்கே செல்வது இயல்பே.

பக்கவளைவு என்ற நோயும் அவர்களுக்குப் புதியதன்று. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூலிலேயே முதுகெலும்பு வளைவுகள் பேசப்படுகின்றன. வளைந்த முதுகுடையவரை ஏணியில் கட்டி, ஏணியை உயரத்திலிருந்து விட்டு உலுக்கும் முறை அந்நாளில் இருந்தது. கூட்டத்தை வாய்பிளக்க வைப்பதற்கே பலர் அதைச் செய்கிறார்கள் என்று அந்நூல் கண்டிக்கிறது. வளைந்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த ஸ்கோலியோசிஸ் என்ற பெயர், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த காலன் என்ற மருத்துவரின் எழுத்துகளில் வழங்குகிறது.

நோயின் பெயர் தெரிந்திருந்தும் மாண்டெலிடம் அதை ஏன் காணவில்லை? காரணம் எளிது. பின்னாலிருந்து பார்த்தால் அவர் முதுகு அவ்வளவாக வளைந்திருக்கவில்லை!

பிணப் பரிசோதனை காட்டிய உண்மை

1852-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள், வலிக்காக உட்கொண்ட அபினி அளவு மீறியதால் மாண்டெல் உயிர் நீத்தார். பிணப் பரிசோதனையில் கட்டியும் இல்லை; சீழும் இல்லை. இடுப்புப் பகுதி முதுகெலும்பு பக்கவாட்டில் கடுமையாக வளைந்து, கூடவே முறுக்கிக்கொண்டும் இருந்தது. வில்லியம் ஆடம்ஸ் என்ற இலண்டன் அறுவை மருத்துவர் இதனை ஆராய்ந்து 1854-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அவர் கண்டதைப் புரிந்துகொள்ள முதுகெலும்பின் அமைப்பைச் சிறிது நினைவுகூர்வோம். கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என்று 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் முன்புறத்தில் உருளை போன்ற உடற்பகுதி உண்டு. பின்புறத்தில் நடுவே ஒரு முள்ளும் பக்கத்துக்கு ஒன்றாக இரு நீட்சிகளும் உண்டு. முதுகின் நடுவே விரலால் தடவும்போது நமக்குத் தட்டுப்படுவன அந்த நடு முள்ளின் நுனிகளே.

பக்கவளைவில் முள்ளெலும்பு பக்கமாக விலகுவதோடு நிற்பதில்லை. தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவும் செய்கிறது. கீலில் மாட்டிய கதவை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு திறக்கும்போது கீல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கதவின் விளிம்புதான் வெகுதூரம் நகர்கிறது. அதுபோலவே முள்ளின் நுனிகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் நிற்க, உள்ளே எலும்பின் உடற்பகுதி வெகுவாக விலகிப் போயிருக்கலாம். வெளியே நின்று பார்ப்பவருக்கு முதுகு நேராகவே தோன்றும்.

மாண்டெலின் புடைப்பு எப்படி வந்தது என்பதும் இதனால் விளங்குகிறது. எலும்பு சுற்றும்போது ஒரு பக்கத்து நீட்சிகள் பின்னோக்கி வருகின்றன. மேலுள்ள தசையைத் தள்ளிக்கொண்டு நிற்கின்றன. கட்டி என்றும் சீழ் என்றும் கருதப்பட்டவை அவருடைய சொந்த எலும்பின் நீட்சிகளே! இகுவானடானின் கட்டைவிரலை மூக்கில் வைத்தவரின் உடலில், முள்ளெலும்பின் நீட்சியை மருத்துவர்கள் கட்டி என்று படித்துவிட்டார்கள்.

குனியச் சொல்லும் சோதனை

இனி இப்படி ஒரு வளைவு உயிரோடிருப்பவரிடம் மறைந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? 1865-ஆம் ஆண்டில் ஆடம்ஸ் வெளியிட்ட சொற்பொழிவு நூலில் இதற்கு விடை இருந்தது. நோயாளியைக் கால்களைச் சேர்த்து நிறுத்தி, முழங்கால் மடங்காமல் முன்னோக்கிக் குனியச் செய்ய வேண்டும். பின்னாலிருந்து முதுகின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். எலும்புகள் சுற்றியிருந்தால் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் தெரியும். மார்புப் பகுதியில் விலா எலும்புகளும், இடுப்புப் பகுதியில் தசையும் மேடிட்டு நிற்கும்.

கருவி எதுவும் வேண்டாத இச்சோதனை ஆடம்சின் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. பள்ளிச் சிறுவர் சிறுமியரைச் சோதிக்க இன்றும் இதையே பயன்படுத்துகிறார்கள்.

இச்சோதனை இன்னொரு வேலையையும் செய்கிறது. எல்லா வளைவும் உண்மையான வளைவன்று. கடும் வலியால் ஒரு பக்கத் தசை இறுகினால் உடல் சாய்ந்துகொள்ளும்; படத்தில் முதுகெலும்பு வளைந்தே தெரியும். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக இருந்தாலும் இடுப்பு சரிந்து முதுகெலும்பு வளையும். இவற்றில் எலும்பின் சுற்றல் பொதுவாக இருப்பதில்லை. ஆகவே குனியும்போது மேடும் தோன்றுவதில்லை. தசை இறுக்கத்தால் வந்த சாய்வில் வளைவினால் வலி வரவில்லை; வலியினால்தான் வளைவு வந்திருக்கிறது.

எஞ்சி நின்ற கேள்வி

பிணப் பரிசோதனை ஒரு கேள்விக்கு விடை தந்தது: புடைப்பு என்ன? மற்றொரு கேள்வி எஞ்சி நின்றது: வலி எதனால்? வண்டி விபத்தே எல்லாவற்றுக்கும் காரணம் என்று மாண்டெல் நம்பினார். ஆனால் ஆடம்ஸ் கண்டது போன்ற கடுமையான வளைவும் சுற்றலும் வழக்கமாக ஒரு நாள் விபத்தில் உண்டாவதில்லை; ஆண்டுக்கணக்கில் வளர்வன. அவ்வாறெனில் விபத்துக்கு முன்பே, அவர் ஓடியாடிக் கல் உடைத்த காலத்திலேயே, வளைவு ஓரளவு இருந்திருக்கலாம். கால் மரமரப்பையும் நடக்க முடியாமையையும் நோக்கினால் நரம்புகள் நெருக்குண்டிருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. எலும்பே அழிந்துவிட்டதால் இவ்வழக்கில் தீர்ப்புக் கூற இனி வழியில்லை.

ஆனால் அதே கேள்வியைப் பலரிடம் ஒருங்கே கேட்டு விடை காண இருபதாம் நூற்றாண்டு வழி செய்தது.

1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். உயிரோடிருப்பவரின் முதுகெலும்பைப் பார்க்கப் பிணப் பரிசோதனை வரை காத்திருக்கத் தேவையில்லாமல் போயிற்று. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜான் காப் வளைவை அளக்கும் முறையை வகுத்தார். வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மிகுதியாகச் சாய்ந்த முள்ளெலும்புகளைத் தேர்ந்து, அவற்றின் தளங்களை ஒட்டிக் கோடுகள் இழுத்து, இடைப்பட்ட கோணத்தை அளக்க வேண்டும். கோணம் 10 பாகையும் அதற்கு மேலும் இருந்து, எலும்புச் சுற்றலும் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்று கூறுவது இன்றைய வழக்கம். படமும் நின்ற நிலையில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

ஒரே படத்தை இருவர் அளந்தால் மூன்று முதல் ஐந்து பாகை வரை வேறுபாடு வரக்கூடும். எனவே ஒருவர் 8 என்று சொல்லி மற்றொருவர் 12 என்று சொன்னால், இடையில் நோய் வளர்ந்துவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. அளவையின் பிழையாகவும் இருக்கலாம்.

வளைவும் வலியும்

அமெரிக்காவில் அயோவா மாநிலத்து மருத்துவர்கள் ஓர் அரிய ஆய்வை நடத்தினார்கள். இளமையிலேயே பக்கவளைவு கண்டறியப்பட்டு, சிகிச்சை ஏதும் பெறாத 117 பேரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். அதே வயதுடைய, வளைவில்லாத 62 பேரையும் ஒப்பீட்டுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். முடிவு 2003-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வளைவு உள்ளவர்களில் நூற்றுக்கு 61 பேருக்கு நாட்பட்ட முதுகு வலி இருந்தது. வளைவில்லாதவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு இருந்தது.

இந்த எண்களை இரு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். வளைவு உள்ளவர்களுக்கு வலி கூடுதலாக வருகிறது என்பது உண்மை. ஆனால் முதுகெலும்பு நேராக இருந்தவர்களிலும் மூவரில் ஒருவருக்கு மேல் வலி இருந்தது. வளைவு இருந்தும் நாட்பட்ட வலி இல்லாதவர்கள் நூற்றுக்கு 39 பேர். மேலும், வலி இருந்தவர்களை மட்டும் ஒப்பிட்டால், இரு பிரிவிலும் பத்தில் ஏழு பேர் அளவுக்கு வலி சிறிது அல்லது மிதம் என்றே கூறினர்.

முதியவர்களிடம் வளைவு இன்னும் பரவலாகக் காணப்படுகிறது. வயது ஏறும்போது முள்ளெலும்புகளின் இடையே உள்ள தட்டுகள் தேய்ந்து, முதுகெலும்பு சற்றே சரிகிறது. அறுபது வயதைக் கடந்த 75 தன்னார்வலர்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2005-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முன்பு பக்கவளைவு என்று அறியப்படாத அவர்களில் நூற்றுக்கு 68 பேரிடம் அது இருந்தது.

தட்டுகளின் கதையும் இதுவே. முதுகு வலியே இல்லாத 98 பேரைக் காந்த அதிர்வுப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வு 1994-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களில் பாதிப் பேருக்கு மேல், நூற்றுக்கு 52 பேருக்கு, ஓரிடத்திலாவது தட்டு பிதுங்கியிருந்தது. வலி வந்த நாளில் இப்படம் எடுக்கப்பட்டிருந்தால் பிதுக்கமே குற்றவாளி என்று சொல்லியிருப்போம் அல்லவா?

இதனால் பக்கவளைவைப் பொருட்படுத்த வேண்டாம் என்று கொள்ளக் கூடாது. வளரும் பருவத்துப் பிள்ளைகளிடம் வளைவு விரைந்து பெருகலாம். பெருகும் நிலையில் உள்ள வளைவுக்கு முதுகுக் கவசம் அணிவிப்பது பயன் தரும் என்பதை 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது: கவசம் அணிந்தவர்களில் நூற்றுக்கு 72 பேரிடம் வளைவு 50 பாகையை எட்டாமல் நின்றது, அணியாதவர்களில் 48 பேரிடமே நின்றது. பெரிய வளைவு நுரையீரலையும் நெருக்கலாம். முதியவர்களிடம் நரம்பையும் நெருக்கலாம். அளவும் வயதும் அறிந்தே முடிவு செய்ய வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

வலி என்று போனபோது வளைவு என்று சொல்லப்பட்டால், சில கேள்விகளைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. வளைவு எத்தனை பாகை? படம் நின்று எடுத்ததா, படுத்து எடுத்ததா? குனியும்போது மேடு தெரிகிறதா? இரு கால்களின் நீளமும் ஒன்றா? பழைய படம் இருந்தால் அதனோடு ஒப்பிட்டார்களா? வலிக்கும் இடமும் வளைவு உள்ள இடமும் பொருந்துகின்றனவா? கால் நரம்புகளைச் சோதித்தார்களா?

கேள்விக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய அறிகுறிகளும் உண்டு. காய்ச்சல், காரணமின்றி உடல் இளைத்தல், ஓய்விலும் இரவிலும் தணியாத வலி, கால் வலுவிழத்தல், தொடைகளின் நடுவே உணர்ச்சி குன்றுதல், சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லாமை ஆகியவை அவை. இவை இருப்பவரிடம் சிறு வளைவைக் காட்டி, “இதுதான் காரணம்” என்று நிறுத்திக்கொண்டால், உள்ளிருக்கும் காசநோயோ கட்டியோ நரம்பு நெருக்கமோ கவனிக்கப்படாமல் போகும். மாண்டெலின் மருத்துவர்கள் வளைவைக் கட்டி என்றார்கள். நாம் கட்டியை வளைவு என்று சொல்லிவிடக் கூடாது.

இத்தகைய ஆபத்து அறிகுறிகள் இல்லாத இடுப்பு வலிகளே பெரும்பான்மை. அவற்றில் மிகுதியானவை சில வாரங்களில் தணிகின்றன. நடமாட்டமும் தசைக்கான பயிற்சியும் உதவுகின்றன. அப்படிப்பட்டவர் 12 பாகை வளைவு என்ற சொல்லைக் கேட்டுப் பயந்து, குனியவும் நிமிரவும் அஞ்சி முடங்கிக் கிடந்தால், வளைவு செய்யாத தீமையை அச்சம் செய்துவிடும்.

மாண்டெலுக்கு எக்ஸ்-கதிர் கிடைக்கவில்லை. குனியச் சொல்லிப் பார்க்கவும் அவருடைய மருத்துவர்களுக்குத் தோன்றவில்லை. ஹன்டர் காட்சிச்சாலையில் ஒருநாள் ஒரு பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, பெரிய அறிஞர் சொன்ன விடையை ஏற்காமல் மேலும் தேடியவர் அவர். அந்தக் கல்லூரியிலேயே பின்னாளில் அவருடைய முதுகெலும்பு வைக்கப்பட்டது. அது இன்று இல்லை. அதைக் கண்டு ஆடம்ஸ் வகுத்த சோதனை மட்டும், பள்ளிப் பிள்ளைகளைக் குனியச் சொல்லும் ஒவ்வொரு மருத்துவரிடமும் இன்றளவும் பயன்பட்டு வருகிறது.